அண்ணனின் பின்தலை

கடைத்தெரு முடிதிருத்துபவருக்கு யார் முகமும் நினைவில் நிற்காது. எதிரே வந்து வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். ஆள் கடந்து போனபிறகு திரும்பிப் பார்த்து, "அடடே, நம்ம தபால்காரரா!" என்பார். முப்பது வருஷம் தலைக்குப் பின்னால் நின்றே பிழைத்தவர். ஆண்டவன் அவருக்கு மனிதர்களை அந்தப் பக்கமாகத்தான் காட்டினான்.

அவர் மனசில் ஒரு முள் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், பெண் பார்க்கப் புறப்பட்ட அவருடைய அண்ணன் மீசையை ஒதுக்கச் சொல்லி உட்கார்ந்தார். தம்பி பேச்சு சுவாரசியத்தில் ஒரு பக்கத்தை வழித்துவிட்டார். சரிசெய்கிறேன் பேர்வழி என்று மறுபக்கத்தையும் எடுத்தார். பெண் வீட்டாரோ, "போட்டோல இருந்தவர் எங்கே?" என்று கேட்டுவிட்டார்கள். அன்று கோபித்துக்கொண்டு போன அண்ணன் போனவர்தான். "கண்ணை மூடுறதுக்குள்ள அவரைக் காட்டிடு சாமி" என்று வேண்டாமல் தம்பி கத்தரியைத் தொட்டதில்லை.

தம்பியின் மனைவி அண்ணன் போனபிறகு வந்தவர். ஒருநாள் சொன்னார்: "ஃபேஸ்புக்ல போடுவோங்க. காணாமப் போன நாயெல்லாம் கிடைக்குது. உங்கண்ணன் கிடைக்க மாட்டாரா?"

வீட்டில் இருந்தது அண்ணனின் ஒரே படம். முடி வெட்டிய அழகைக் காட்ட எடுத்த படம்.

"என்னங்க இது, மூஞ்சி எங்க?"

"மூஞ்சி எதுக்குடி? இதைப் பாத்தாலே தெரியலயா?"

தலையில் அடித்துக்கொண்டே மனைவி தன் ஃபேஸ்புக் பக்கத்தில் படத்தை ஏற்றினார். 'இவர் என் கணவரின் அண்ணன். கண்டவர்கள் சொல்லவும்.'

முதலில் ஊரே சிரித்தது. பிறகு என்ன தோன்றியதோ, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் பின்தலைகளை அனுப்பத் தொடங்கினார்கள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர், வங்கி வரிசையில் நின்றவர், ஆஸ்பத்திரி பெஞ்சில் தூங்கியவர். முடிதிருத்துபவர் மதியம் சாப்பாட்டை ஆறவிட்டு, ஒவ்வொருவருக்கும் மனைவியை விட்டுப் பதில் போட்டார்: 'இவர் இல்லை. இவருக்குச் சுழி வலப்பக்கம். ஆனால் பொடுகு இருக்கிறது, கவனிக்கச் சொல்லுங்கள்.' பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் இரண்டு பேர், ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்ததை அந்தப் படங்களில் பார்த்துச் சமாதானமானார்கள். அண்ணனைத்தான் காணோம்.

ஒன்பதாம் நாள், முகப்பில் சூரிய உதயப் படம் வைத்திருந்த யாரோ எழுதினார்: 'பாவம், யார் பெத்த பிள்ளையோ. கிடைக்கணும்னு வேண்டிக்கிறேன். ஆனா இந்தத் தலையை வெட்டினவனை உள்ள தள்ளணும். காதுக்கு மேல எலி கடிச்ச மாதிரி இருக்கு.'

முடிதிருத்துபவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கித் தானே தட்டினார்: 'வெட்டினது நான்தான்யா. உமக்கு என்ன தெரியும்?'

'தெரியாம என்ன? என் மீசையை எடுத்த படுபாவி இப்படித்தான் வெட்டுவான்.'

தம்பி 'அண்ணே' என்று மட்டும் எழுதினார்.

 பதில் வந்தது: 'டேய், அப்ப அது என் தலையாடா?'

தன் பின்தலையைத் தானே கண்டவர் உலகத்தில் யார்?

ஞாயிற்றுக்கிழமை கடை நிறைய ஆள். உள்ளே நுழைந்தவரைத் தம்பி வழக்கம்போல விழித்துப் பார்த்தார். வந்தவர் தொப்பியைக் கழற்றித் திரும்பி நின்றார். சுழியும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணாடி மாதிரி வழுக்கை.

"முடி எங்கண்ணே?"

"அது என்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சுடா."

"இப்ப நான் என்னத்தண்ணே வெட்டுறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ வெட்டு" என்று அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி துணியைப் போர்த்தினார். சீப்பை எடுத்தார். அரைமணி நேரம் அந்த வழுக்கையைச் சுற்றிக் காற்றை வெட்டினார். காதுக்கு மேல் மட்டும் ரொம்ப நிதானமாக. காத்திருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.