மூச்சு விடும் நேரம்

பஸ் டிரைவரின் கைகள் நடுங்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. குறுக்கே ஓடிய நாய்க்காக அவர் பிரேக் போட்டதில், உள்ளே நின்றிருந்த ஒரு பெண்மணி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. விசாரணையில் அவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கைதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டாலே வெடவெடத்தது.

மனைவிதான் அவரை மனநல ஆலோசகரிடம் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"தூக்கமில்ல, பசியில்ல, தண்ணி குடிச்சாகூட பாதி சட்டையில சிந்துது. எதுக்கும் லாயக்கில்லாம போயிட்டேன் மேடம்," என்றார் டிரைவர்.

ஆலோசகர் பன்னிரண்டு வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். கெட்டுப்போனதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கெடாமல் மிஞ்சியிருப்பதைத் தேடுவது அவர் வழக்கம்.

"கை நடுங்காம செய்யிற வேலை ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல."

"ஏன் இல்ல?" என்று மனைவி குறுக்கிட்டாள். "மாமாவை தினம் யாரு தூக்கி உக்கார வைக்கிறது? நானா?"

டிரைவரின் அப்பா படுத்த படுக்கையாகி இரண்டு வருஷம் ஆகிறது.

"அதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் டிரைவர்.

"எப்படித் தூக்குவீங்க? காட்டுங்க," என்றார் ஆலோசகர்.

டிரைவர் சங்கடத்தோடு எழுந்தார். "முதுகெல்லாம் புண்ணு. மூச்சை இழுக்கும்போது உடம்பு விறைச்சுக்கும். விடும்போதுதான் தளரும். அந்த நேரம் பார்த்துத் தூக்கணும்." காற்றில் கைகளை நீட்டி, இல்லாத உடம்பைப் பதமாக ஏந்தினார்.

ஆலோசகர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நீட்டிய கைகளில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா இத?"

"யாருமில்ல. இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறேன்ல. நிக்கிறவங்க காலை ஊனிட்டாங்களான்னு கண்ணாடியில பார்த்துட்டுத்தான் வண்டிய எடுப்பேன். அதே மாதிரிதான்."

ஆலோசகர் அந்தப் பஸ்ஸை நினைத்துப் பார்த்தார். தினமும் எத்தனை நூறு பேர் ஏறியிருப்பார்கள். தங்கள் காலுக்காக ஒருவர் காத்திருந்தார் என்று அவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. இவ்வளவு படித்தும் இதற்கு என்ன பெயர் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்க கையைப் பாருங்க," என்றார் மெதுவாக.

டிரைவர் குனிந்து பார்த்தார். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் டிப்போவில் நிற்கும் பஸ்ஸில் வெறுமனே உட்கார்ந்தார். மூச்சை விடும்போது மட்டும் ஸ்டியரிங்கைத் தொட்டார். இரண்டு முறை பாதியில் இறங்கி ஓடிவந்தார். ஏழாவது வாரம்தான் பயணிகளை ஏற்றினார்.

அன்று மத்தியானம் மனைவி ஆலோசகருக்கு போன் செய்தாள்.

"ரெண்டு டிரிப் முடிச்சிட்டாரு மேடம். இறங்குனதும் கால் கொஞ்சம் உதறுச்சாம். டீ குடிச்சிட்டு மூணாவதுக்குப் போயிட்டாரு."