வாத்துக்கு இரண்டாவது சாட்சி

யார் உதவியும் இல்லாமல் நான் எழுதிய முதல் இங்கிலீஷ் வாக்கியம் ஒரு பொய். நாலே வார்த்தை, தபால் கார்டில் எழுதினேன். எழுத்துப் பிழைகூட இல்லை.

நாகர்கோவில் பக்கம் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் தையல் டீச்சர். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள் இங்கிலீஷ் டீச்சர், கருங்கல்காரி. அவள் பேசினால் பாட்டுப் பாடுவதுபோல இருக்கும், நான் அதைப் பேசிக்காட்டிக் கேலி செய்வேன். பட்டாளத்திலிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்த பைனாக்குலரும், பறவைப் படங்கள் போட்ட இங்கிலீஷ் புத்தகமும் அவள் சொத்து. என் சொத்து கண்தான். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண்.

மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்தால் சுசீந்திரம் ரோட்டுக் குளத்தில் வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கும். விடிந்ததும் போனால் பள்ளிக்கூட மணிக்குள் திரும்பிவிடலாம். இரண்டு டீச்சர்கள் குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு குளக்கரையில் நிற்பதை, வயலுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"என்ன டீச்சர், மாப்பிள்ளை அந்தக் கரையில நிக்கானா?" என்று ஒருவர் கேட்டார்.

"மாப்பிள்ளை இல்ல அண்ணாச்சி, வாத்து" என்றேன்.

"அது கறிக்காவது ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் யார் யார் எந்த அபூர்வமான பறவையைப் பார்த்தார்கள் என்று ஊர் ஊராகக் கடிதம் வாங்கி, கோடை தொடங்கும்போது சைக்ளோஸ்டைல் தாளாக எல்லோருக்கும் அனுப்புவார். ஆண்கள் எழுதினால் ஒரு கையெழுத்துப் போதும். நாங்கள் எழுதியபோது, இரண்டு பேரும் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்பேன் என்றார். பெண்களுக்கு ஆசை கண்ணை மறைத்துவிடுமாம். அவருக்கு எது மறைத்ததோ தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு சம்மதித்தோம்.

ஆறு குளிர்காலம் அப்படி நடந்தது. நான் கண்டுபிடிப்பேன். அவள் புத்தகத்தைப் புரட்டிப் பெயர் சொல்வாள், கடிதம் எழுதுவாள். அவள் கையெழுத்துக்குக் கீழே நான் போடுவேன். தாள் வரும்போது அவள் பெயர் மட்டும் இருக்கும். நான் 'உடன் ஒரு தோழி'. கரண்டிவாயன் நாரையை முதலில் பார்த்தவள் தோழி. மணக்குடிக் காயலில் பூநாரைகளை எண்ணியவளும் தோழிதான்.

"எம் பேரையும் போடச் சொல்லி எழுதேன்ட்டி" என்று கேட்டேன்.

"அவரு போடுதாரு, நான் என்ன செய்யதுக்கு?" என்றாள். ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

1956 தையில் அந்தப் பெரிய மனிதர் நாகர்கோவிலுக்கு வந்தார். அவளை டீ குடிக்க அழைத்தார். அவள் மட்டும் போய்வந்தாள். வந்து புடவை மாற்றும்போது சொன்னாள்: "உன்னையும் கூட்டிட்டுப் போயிருப்பேன். இங்கிலீஷ்ல பேசணும் பாத்துக்கோ. நீ கஷ்டப்படுவியேன்னுதான் விட்டேன்." நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை, முதல் தடவையாக அவள் எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள். தாமரை இல்லாத வடகோடியில், சின்ன வாத்துகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பெரிதாக ஒன்று நின்றது. மஞ்சள் கால். வெள்ளைத் தலை. பைனாக்குலரை என்னிடம் கொடுத்தாள். எனக்கு அது தேவையே இல்லை. தலைக்குப் பின்னால் கறுப்பாக இரண்டு பட்டை ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

"ஏட்டி, இமயமலைக்கு அந்தப் பக்கத்துல உள்ளதுட்டி! இஞ்ச வந்து நிக்குது! பாத்தியா?"

"ம்" என்றேன்.

சற்று நேரத்தில் ஒருவர் வலை வீச இறங்கினார். வாத்து எழும்பித் தெற்கே போனது. அன்றைக்கே அவள் கடிதம் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள். கை வலிக்கிறது, நீ அனுப்பு, என் கையெழுத்தை நான் பிறகு தனியாக அனுப்புகிறேன் என்றேன். என்னை நம்பி அனுப்பினாள்.

பத்து நாளில் எனக்கு ஒரு கார்டு வந்தது. அவரிடமிருந்து என் பெயருக்கு வந்த முதல் கார்டு. பெயரை முழுதாக டைப் அடித்திருந்தார். இந்த வாத்தை நீங்களும் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். தையல் அறையில் உட்கார்ந்து, நான் பார்க்கவில்லை என்று இங்கிலீஷில் எழுதித் தபாலில் சேர்த்தேன். அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று இப்போது சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

கோடையில் தாள் வந்தது. வாத்து அதில் இல்லை. வாத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தக் குளத்திலிருந்து முன்பு வந்த தகவல்களும் நம்பத்தக்கவை அல்ல என்று ஆறு வருஷத்தையும் அடித்திருந்தார். என் கரண்டிவாயன் போனது. பூநாரைகள் போயின. அவளை இழுத்துத் தள்ளப்போய் என் தலையிலும் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

அவள் சண்டை போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்: "அவருக்கு நீ என்ன வேணும்னாலும் எழுதிக்கோ. எனக்கு மட்டும் செல்லு. பாத்தியா, இல்லியா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். "பாக்கல்ல" என்றேன், வாய் கூசாமல்.

"பின்ன ம்னு சொன்னது எதுக்கு?"

"நீ சந்தோஷமா நின்ன. கஷ்டப்படுவியேன்னுதான்."

அவள் முகத்தில் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மறுநாள் லீவு போட்டுக் கண் டாக்டரிடம் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை என் தையல் மிஷின்மேல் வைத்தாள். இரண்டு கண்ணிலும் எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருந்தது.

"இதுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டாம்" என்றாள். அந்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். அதன்பிறகு குளத்துக்கு வரவேயில்லை.

ஐப்பசியில் எங்கள் ஊர்கள் திருவனந்தபுரத்து ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. இனி உங்கள் பகுதி என் பட்டியலில் வராது என்று பெரிய மனிதர் எழுதிவிட்டார். உண்மையை எழுதி அனுப்பவும் இனி இடமில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். முன்பு இடம் இருந்தபோது மட்டும் எழுதிக் கிழித்தேனா?

மார்கழியில் ஒருநாள் விடியற்காலை தனியாகக் குளத்துக்குப் போனேன். அதே வடகோடியில் மூன்று நின்றன. ரோடு நெடுக ஓடினேன். வழியில் செருப்பு அறுந்துபோனது. பட்டியலும் வேண்டாம், பேரும் வேண்டாம், அவள் ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருந்தது.

அவள் தன் அறையில் அரைப்பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பைனாக்குலர் ஆணியில் தொங்கியது.

"ஏட்டி, வந்திருக்கு. மூணு. அதே இடம். அன்னைக்கும் நான் பாத்தேன்ட்டி, பட்டை ரெண்டும் பாத்தேன். மன்னிச்சிடு. வா, இப்பம் போனா பாத்திரலாம்."

சிவப்புப் பென்சில் நின்றது. ஆணியை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் பாக்கல்ல" என்றாள்.

அடுத்த தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள். முதல் மணி அடித்தது. ஆறாம் வகுப்புக்கு அன்று காஜா தைக்கச் சொல்லித்தர வேண்டியிருந்தது. போனேன்.