லூர்துராணிக்கு ஓர் இடம்

எடமலைப்பட்டி புதூரில் பூவரசனின் வெல்டிங் பட்டறையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பெரிய தகரக் கொட்டகை வரும். பாஸ்டர் நவநீதனின் சபை அங்கேதான் கூடுகிறது. அதன் தூண்கள், கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள், மேடை, வாசலில் நிற்கும் சிலுவை எல்லாம் பூவரசன் பற்றவைத்தவை. மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காது. அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

அவர் பிறந்தது லால்குடிப் பக்கம், நெல் விளைவிக்கிற குடும்பத்தில். வேலை கற்றுக்கொள்ள திருச்சிக்கு வந்தவர், பாலக்கரையில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்த லூர்துராணியைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார். அவள் கத்தோலிக்கப் பெண். அவள் பூசைக்குப் போவாள், இவர் வாசலில் வண்டியில் உட்கார்ந்திருப்பார். பிள்ளை இல்லை. அதைத் தவிர அவர்களுக்குள் பெரிய குறை எதுவும் இல்லை.

ஒருநாள் பட்டறையில் கேஸ் குழாய் தீப்பிடித்து அவருடைய இரண்டு கால்களும் வெந்துபோயின. மாதக்கணக்கில் படுக்கை. சொந்தக்காரர்கள் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பங்குக் கோயிலிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துத் தெருவில், அப்போது ஒரு வாடகை வீட்டின் ஹாலில் கூடிக்கொண்டிருந்த சபையார்தான் வந்தார்கள். பெண்கள் முறைபோட்டு ரசமும் சோறும் கொண்டுவந்தார்கள். லூர்துராணி அழுக்குத் துணியைத் தொடுவதற்கு முன்பே எடுத்துத் துவைத்துப் போட்டார்கள். நவநீதன் ஓட்டை மொபெட்டில் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணீர்விட்டு ஜெபம் செய்வார். அது நடிப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் பூவரசன் அப்படித்தான் சொல்வார்.

கால் ஊன்றி நடக்க முடிந்ததும் முக்கொம்புக்குப் போய், காவிரியின் ஆழமில்லாத கரையோரத்தில் இருவரும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு பாஸ்டர் கண்டிப்பானார்.

"ரெண்டு படகுல கால் வைக்கக் கூடாது சிஸ்டர். பங்குல போயி பேரை எடுக்கச் சொல்லிட்டு வந்துடுங்க" என்றார்.

லூர்துராணி போய்ப் பங்குச் சாமியாரிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வந்தாள். ஜெபமாலையைத் தன் அம்மாவிடம் கொடுத்தபோது அந்த அம்மாள் வாங்கிக்கொள்ளாமல் அழுதாள்.

பூவரசனுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. லால்குடியில் அப்பா இறந்தார். சடங்கு எதிலும் கை வைக்கக் கூடாது என்று பாஸ்டர் போனில் சொல்லிவிட்டார். மூத்த மகனான பூவரசன் சுடுகாட்டில் ஒதுங்கி நின்றார். தம்பி மாதவன் மொட்டையடித்துக்கொண்டு கொள்ளி வைத்தான். திரும்பும்போது மாதவன் அவரைப் பார்க்காமலே, "அண்ணே, இனிமே நல்லது கெட்டதுக்கு உன்னைக் கூப்பிட மாட்டோம். நீயும் கூப்பிடாத" என்றான். சபையில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூவரசனை எழுப்பி நிறுத்தி, குடும்பத்தைவிட ஆண்டவரைப் பெரிதாக நினைத்தவர் என்று கை தட்டினார்கள். அவருக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வருஷங்கள் போயின. சபை பெருகியது. கொட்டகை வந்தது. மொபெட் போய்க் கார் வந்தது.

போன வருஷம் ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்து, பாஸ்டர் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தத்தை அறிவித்தார். எல்லைகள் விரிவடையும் வருஷம் என்றார். சபைக்கு என்ன செய்யலாம், மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று மைக்கைக் கூட்டத்துக்குள் அனுப்பினார். ஒருவர் ஏசி கேட்டார். இன்னொருவர் மேடைக்குப் பின்னால் பெரிய எல்ஈடி திரை கேட்டார். மைக் லூர்துராணியிடம் வந்தது.

"பாஸ்டர் ஐயா, போன ஐப்பசில நம்ம மரியபுஷ்பம் பாட்டி செத்தப்ப ரெண்டு நாள் வச்சிக்கிட்டு அலைஞ்சோம். கடைசில எங்கயோ சொந்த ஊருக்குத் தூக்கிட்டுப் போனாங்க. நமக்குன்னு ஒரு கல்லறைத் தோட்டம் வாங்கலாங்க. சின்னதா இருந்தாக்கூடப் போதும்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பாஸ்டரும் சிரித்தார்.

"சிஸ்டர், புதுவருஷமும் அதுவுமா சாவைப் பத்தியா பேசுறது? நாம வாழப் பொறந்தவங்க. அதை வாயால அறிக்கை பண்ணுங்க."

வாழப் பிறந்தவர்கள் என்று எல்லோரும் உரக்க அறிக்கை செய்தார்கள். லூர்துராணி உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில், "நான் என்னங்க தப்பாக் கேட்டுட்டேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பூவரசன், "பெரியவங்க சொன்னா ஒரு காரணம் இருக்கும், விடு" என்றார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, துணி காயப்போட மாடிக்குப் போனவள் தலையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். பட்டறைக்கு அடுத்து டிங்கர் கடை வைத்திருக்கும் பரக்கத் அலி கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். சபைப் பெண்கள் பாடினார்கள். பாஸ்டர் சென்னையில் ஒரு கன்வென்ஷனில் இருந்தார். மேடை ஏறப் போகும் நேரம் என்பதால் போனில் இரண்டு நிமிஷம்தான் பேசினார்.

"பிரதர், தைரியமா இருங்க. சிஸ்டர் நல்ல எடத்துக்குத்தான் போயிருக்காங்க."

"எங்க வைக்கிறதுன்னு தெரியலைங்க ஐயா."

"மின்மயானம் இருக்குதே. உடம்பு வெறும் மண்ணுதானே பிரதர். எரிச்சா என்ன, பொதைச்சா என்ன?"

பூவரசன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அப்பாவை எரித்த சுடுகாட்டில் ஒதுங்கி நிற்கச் சொன்ன அதே குரல். கேஸ் தீப்பிடித்த அன்று தன் கையால் அவர் காலில் சாக்கைப் போர்த்தி அணைத்தவள் லூர்துராணி. அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றவைக்கக்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "நான் செத்தா மண்ணுல வையுங்க, நெருப்புல மட்டும் வேணாம்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் பரக்கத் அலியின் வண்டியில் ஏறி அலைந்தார். அவள் பிறந்த பங்கின் சாமியார் இளம் வயதுக்காரர், கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கல்லறைக் கமிட்டியைச் சேர்ந்தவர், "அவங்களே வந்து பேரை எடுக்கச் சொன்னவங்கங்க. இருக்குறவங்களுக்கே எடம் பத்தல" என்றார். இன்னொரு சபைக் கல்லறையில் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். பக்கத்துப் பொதுமயானத்தில் ஒரு ஆள் பல் குத்திக்கொண்டே, "நீங்க என்ன ஆளுங்க? ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மூலை இருக்கு" என்று கேட்டான். கிறிஸ்தவங்க என்றார் பூவரசன். "அது சரிங்க, அதுல என்ன ஆளுங்க?" என்றான் அவன்.

வண்டியில் திரும்பும்போது பரக்கத் அலி சொன்னார்: "எங்க ஜமாத்துல நேத்தே முடிஞ்சிருக்கும். ஏழையோ பணக்காரனோ, கபர்ஸ்தான்ல எடம் உண்டு. உங்க ஆளுங்க இவ்வளவு பெரிய கொட்டகை போட்டிருக்காங்களே பூவரசு."

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் மாதவன் நின்றுகொண்டிருந்தான். யார் சொல்லியனுப்பினார்கள் என்று தெரியவில்லை. உள்ளே போய் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், "எங்க வைக்கிறீங்க?" என்று கேட்டான். பரக்கத் அலிதான் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணியத் தூக்குங்க. நம்ம கொல்லை இருக்கு" என்றான் மாதவன்.

அன்று சாயங்காலம் லால்குடிப் பக்கத்துக் கொல்லையில், வாய்க்கால் மேட்டில், குழி வெட்டினார்கள். வெட்டியவர்களில் பாதிப் பேர் பூவரசனோடு வருஷக்கணக்கில் பேசாதவர்கள். சபையிலிருந்து ஒரு வேனில் ஆட்கள் வந்தார்கள். ஜெபிக்க ஊழியக்காரர் யாரும் வராததால் பூவரசனே ஜெபித்தார். பாதியில் நின்றுவிட்டது. மாதவனின் மனைவி மண்மேட்டின் மேல் ஒரு கட்டி சூடம் ஏற்றினாள். சபைக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பூவரசன் அதை அணைக்கச் சொல்லவில்லை.

புரட்டாசி மாதம் மகாளய அமாவாசைக்கு மாதவன் போன் செய்தான். "அண்ணே, அம்மா மண்டபத்துக்கு வா. அப்பாவுக்கு இத்தனை வருஷமா நான்தான் எள்ளுத் தண்ணி விடுறேன். ஒரு தடவை நீ விடு."

பூவரசன் ஸ்ரீரங்கத்துக்குப் போனார். படித்துறையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஐயர் அப்பாவின் பெயரைக் கேட்டு, கையை நீட்டச் சொன்னார். கை நீளவில்லை. நீட்டினால் தப்பு என்ற பயம் அவருக்கு அப்போது இல்லை. நம்பாத ஒன்றை அப்பாவின் பெயரில் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான். மாதவனுக்கு அது புரியவில்லை. ஈர வேட்டியோடு படியேறி வந்து எல்லோரும் பார்க்கக் கத்தினான்.

"உன் பொண்டாட்டிய வைக்க எங்க மண்ணு வேணும். எங்கப்பனுக்கு ஒரு கை தண்ணி உன்னால விட முடியாது. நீயெல்லாம் என்ன மனுசன்?"

தம்பி கேட்டது நியாயம் என்றே பூவரசனுக்குத் தோன்றியது.

இந்த வருஷப் பிறப்பும் வந்தது. காலையிலேயே கொட்டகை நிரம்பியது. புதுப் புடவைகள், பிள்ளைகளின் கையில் பலூன். ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி உற்சவக் கூட்டம் என்று பஸ்ஸெல்லாம் சுற்றிவிட்டதால் சிலர் தாமதமாக வந்தார்கள். பூவரசன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பின்னால் எல்ஈடி திரையில் மலைகளும் சூரியனும் தெரிந்தன.

பாஸ்டர் நவநீதன் கடந்த வருஷத்துக்காக நன்றி சொல்லத் தொடங்கினார். "ஒரு குறைவும் இல்லாம, ஒரு சேதமும் இல்லாம நடத்தினாரே!" என்றபோது கூட்டம் கை தட்டியது. பிறகு பூவரசனைப் பார்த்துவிட்டார்.

"இழப்புலயும் துதிக்கிற ஒரு பிரதர் நம்ம நடுவுல இருக்காரு. வாங்க பிரதர், ஆண்டவர் உங்களை நடத்தினதைச் சாட்சியாச் சொல்லுங்க."

பூவரசன் நடந்து போனார். தான் பற்றவைத்த மேடையில் ஏறி மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றார் பழக்கத்தில்.

"போன வருஷம் இதே நாள்ல லூர்து உங்ககிட்ட ஒரு எடம் கேட்டா. ஆறடி எடம். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சும்மா இருந்தேன். அவளை மண்ணுல வச்சது என் தம்பி. அவன் சாமி கும்பிடுறவன். நன்றின்னா நான் அவனுக்குத்தான் சொல்லணும். இங்க சொல்றதுக்கு எங்கிட்ட எதுவும் இல்லைங்க."

முன்வரிசையில் யாரோ கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" என்றார். சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார். பாஸ்டர் கீபோர்டு வாசிப்பவரைப் பார்த்துத் தலையசைத்தார். இசை எழுந்தது. மைக்கை யாரோ மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் எழுந்து பாடியது. அந்தப் பாட்டை லூர்துராணி நன்றாகப் பாடுவாள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அவரைத் தனியே அழைத்தார். குரல் கோபமாக இல்லை, களைப்பாக இருந்தது.

"பிரதர், உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா இன்னிக்குப் புதுசா எத்தனை பேர் வந்திருந்தாங்க. கசப்பு உள்ள வந்துட்டா விசுவாசம் போயிடும்."

"ஐயா, நான் படுத்திருந்தப்ப தரையில உக்காந்து அழுதீங்களே. அவ செத்தப்ப ஒரு எட்டு வந்திருக்கக் கூடாதா?"

பாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ ஒரு குடும்பம் ஆசீர்வாதம் வாங்க வந்துவிட்டது. அவர் திரும்பி அந்தக் குழந்தையின் தலையில் கை வைத்தார்.

வாசலில் ரஞ்சனி காத்திருந்தாள். பூவரசன் படுத்திருந்த காலத்தில் ரசம் சோறு கொண்டுவந்த பெண்களில் ஒருத்தி அவள்.

"அண்ணே, எங்கப்பாவும் படுக்கையில இருக்காரு. எங்களுக்கும் எடம் இல்ல. நீங்க பேசினது சரிதாண்ணே" என்றாள்.

"அப்ப எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள். "என் பொண்ணுக்கு மே மாசம் கல்யாணம் வச்சிருக்கேன். பாஸ்டர் ஐயாதான் நடத்தி வைக்கணும்" என்றுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு பூவரசன் சபைக்குப் போகவில்லை. பெயரை எடுக்கச் சொல்லி யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பரக்கத் அலி டிங்கர் கடைக்கு வந்தபோது, பக்கத்தில் பட்டறையின் ஷட்டர் ஏறியிருந்தது. இத்தனை வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை அந்த ஷட்டர் ஏறிப் பார்த்ததில்லை.

"என்ன பூவரசு, இன்னிக்குத் தொறந்துட்டீங்க? அவசர வேலையா?"

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல பாய்" என்றார் பூவரசன். "வீட்ல இருந்தா பாட்டுச் சத்தம் கேக்குது."

அவர் மெஷினைப் போட்டார். கொட்டகையிலிருந்து வந்த பாட்டு அந்தச் சத்தத்தில் அமுங்கியது. ஒரு பழைய கேட்டை எடுத்து வைத்துத் துருவைத் தேய்க்க ஆரம்பித்தார். பரக்கத் அலி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு டீ சொல்லப் போனார்.