சூசை போட்ட லைனிங்

சூசை போன செய்தி என் கைப்பேசிக்குப் படமாகத்தான் வந்தது. சுற்றிலும் வெள்ளைப் பூ, நடுவில் அவன் முகம், கீழே நாலு வரி. எழுத்து எனக்கு வராது. பிறந்தநாளாக்கும் என்று நினைத்துக் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டேன். நாங்கள் தேத்தண்ணி குடிக்கிற ஒட்டுக்கடைக் கூட்டாளிகள் அத்தனை பேரும் இருக்கிற குழு அது. ஐந்து நிமிஷத்தில் கடைக்கார முனியாண்டி அழைத்தான். "என்னண்ணே, சூசையண்ணன் செத்ததுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறீங்க?"

போகும்போதுகூட என்னை மாட்டிவிட்டுத்தான் போனான்.

பண்டமாரானில் அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளே பெட்டிக்கு முன்னால் செபம் நடந்தது. வெளியே கூடாரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் மெல்லச் சொன்னார்: "நல்ல மனுசன். பிரேக் வேலை மட்டும் சுத்தமில்ல. உங்க டிராக்டர்ல போட்ட லைனிங் அந்தக் கத்து கத்துச்சே." நான் தலையாட்டினேன். பிணம் உள்ளே கிடக்கிறது, நான் ஆமாம் என்று தலையாட்டுகிறேன். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். சூசையைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கேளுங்கள். அவன் போட்ட லைனிங்கில் ஒரு குறையும் இல்லை.

அவனோடு வேலை செய்வதற்குத் தனிப் பொறுமை வேண்டும். முன்பு ஒரே எஸ்டேட்டில் நான் டிராக்டர் ஓட்டினேன், அவன் பட்டறையில் இருந்தான். ஒருநாள் கிளட்ச் எரிந்துவிட்டது என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். "நீ பார்த்ததைச் சொல்லு. நினைச்சதைச் சொல்லாதே" என்றான். எப்போது ஆரம்பித்தது, மிதி எவ்வளவு தூரம் இறங்கியது, மேட்டிலா பள்ளத்திலா என்று காலை முழுக்கக் கேள்வி. எனக்குத் தலை வெடித்தது. கடைசியில் குனிந்து மிதிக்கு அடியிலிருந்து எதையோ இழுத்தான். என் சாப்பாட்டுத் தூக்கு. ஒரு வார்த்தை திட்டவில்லை. "சோறு ஆறிடுச்சு" என்று கையில் கொடுத்தான். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

இனி என் பழைய டிராக்டர் கதைக்கு வருகிறேன். காப்பாரில் இருக்கிற என் நாலு ஏக்கர் செம்பனைத் தோட்டத்துக்கு அதுதான் குலை ஏற்றும் வண்டி. பிரேக் லைனிங் தேய்ந்தபோது சூசைதான் வந்து இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டான். "பின்பக்கக் கியர் எண்ணெய் அளவாத்தான் இருக்கு. அதைத் தொடாதே" என்றும் சொல்லிப் போனான். நான் தொட்டேன். கிழட்டு வண்டி, பாரம் இழுக்கிறது, கொஞ்சம் கூட ஊற்றினால் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று இரண்டு போத்தல் ஊற்றினேன்.

அடுத்த மாதம் பிரேக்கை மிதித்தால் பன்றியைப் பிடித்ததுபோல் ஒரே அலறல். நான் நேரே ஒட்டுக்கடைக்குப் போய், சூசை மட்டமான லைனிங் போட்டு என்னை ஏமாற்றிவிட்டான் என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டு வாரம் தினமும் சொன்னேன். அவன் காதுக்கும் போயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்தக் காலத்து டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு, இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. சாலையில் போகும்போது கொக்கி போட்டுச் சேர்த்துவிடுவோம். சூசை வந்ததும் கொக்கியைக் கழற்றினான்.

"மெதுவா ஓட்டு. இடதை மட்டும் மிதி."

அலறிக்கொண்டு இடது பக்கம் திரும்பி நின்றது.

"இப்ப வலதை மட்டும்."

ஒரு சத்தமும் இல்லை.

"கேட்டியா? இடதுதான். கழற்று லா!" என்றேன்.

"வலதைக் கழற்றப்போறேன்."

"டேய், கத்துறது இடதுடா! காது போச்சா உனக்கு?"

"கத்துறது வேலை செய்யுது. வலதை மிதிச்சியே, வண்டி நின்னுச்சா?"

எனக்குத் தெரியவில்லை. காது கேட்டதே தவிர, வண்டி நின்றதா என்று நான் கவனிக்கவே இல்லை. மறுபடி ஓட்டச் சொன்னான். மறுபடி, மறுபடி. உச்சி வெயிலில் எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. வலது மிதியை அடிவரைக்கும் அழுத்தினாலும் வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

ஜாக்கி வைத்து, வலது சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் இறக்கினான். லைனிங் தேயாமல் புதுசாக இருந்தது. ஆனால் எண்ணெயில் ஊறிச் சொட்டியது. விரலில் தொட்டு முகர்ந்து, என் மூக்குக்கு முன்னாலும் நீட்டினான். கியர் எண்ணெய். "ஊத்தினியா?" என்றான். இல்லை என்றேன். எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கூடுதல் எண்ணெயை ஒரு சட்டியில் வடித்து என் காலடியில் வைத்தான். "இது உன்னோடது."

நான் ஊற்றியது அச்சு வழியாக, சீல் என்கிற தடுப்பு வளையத்தைத் தாண்டி டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. வலது வழுக்க, இடது ஒன்றே மொத்தப் பாரத்தையும் தாங்கி, சூடேறிக் கத்தியிருக்கிறது. அதுவும் கைவிட்டிருந்தால் சரிவில் குலைப் பாரம் என்னைத் தள்ளிக்கொண்டு போய் காப்பார் சாலை லோரிக்கு அடியில் விட்டிருக்கும். புது சீல், மறுபடி இரண்டு பக்கமும் லைனிங். சாயங்காலம் வண்டி பூனைபோல் நின்றது.

"கடையில சொல்லிடாதேடா, சிரிப்பாங்க" என்றேன்.

"நான் சொல்லல. முதல்ல சொன்ன ஆளே மாத்திச் சொல்லட்டும்."

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் அவனைப் பிரேக் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கடையில் முனியாண்டி, "சூசையண்ணே, உங்க லைனிங் பாட்டெல்லாம் பாடுமாமே!" என்பான். சூசை தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பான். ஒரு வார்த்தை சொல்லேன்டா என்று மனசுக்குள் கத்துவேன்! இந்தக் கிழவன் எண்ணெயை ஊற்றிக் கெடுத்தான் என்று போட்டு உடையேன்! மாட்டான். குடித்துவிட்டு எழுந்து போவான். தப்பு என் மேல், கோபமும் எனக்குத்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த இரண்டு பேரில் ஒருவரான தங்கராஜு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பது வயசு ஆள். கேட்டுவிட்டுக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். "ஆள் போன பிறகா அங்கிள் வந்து சொல்றீங்க? என் டிராக்டரும் ஒரு மாசமா கத்துது. உங்க பேச்சைக் கேட்டுத்தான் அவரைக் கூப்பிடல. இப்ப யாரைக் கூப்பிடறது லா?"

 கொட்டகைக்குப் போய் அவர் டிராக்டரின் கொக்கியைக் கழற்றினேன். மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு மிதியாக மிதிக்கச் சொன்னேன். இரண்டாவது சுற்றிலேயே, "இடதுதானே அங்கிள் கத்துது, போதுமே" என்று சலித்துக்கொண்டார். நான் விடவில்லை.

சக்கரத்தை இறக்க என் முதுகு இடம் கொடுக்காது. சீல் மாற்ற எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் நிற்கவில்லை என்று சொல்ல மட்டும் தெரியும். சூசையிடமிருந்து என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.