தேடலில் வராத முகம்

கல்முனை பஸாரில் கலியாணக் கார்ட் அடித்துக் கொடுக்கும் றாபியாவுக்குத் தன் புருசனின் முகம் மறந்துகொண்டு வந்தது. இதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஊர் சும்மா விடுமா?

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். றினாஸும் தன் உடுப்பு, போட்டோ எல்லாவற்றையும் சாய்ந்தமருதுக் கடற்கரையோரம் இருந்த அவள் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தான். சுனாமி ஆளையும் வீட்டையும் ஒன்றாக வாரிக்கொண்டு போனது. மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த வருசம் பிறந்த மகள் ஸுஹைறா, "வாப்பா எப்பிடி இருப்பாரு?" என்று கேட்கும்போதெல்லாம், கனவில் வரும் முகத்தை நினைத்துத்தான் றாபியா சொல்வாள். "அகலமான மொகம் மகள். சொண்டுக்கு மேல, மூக்குக்குக் கீழ ஒரு மச்சம்."

ஆனால் றினாஸ் வாய்நிறையச் சிரிக்கிற ஆள். கனவில் வருபவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

கலியாணத்துக்கு முன்பு றினாஸ் தன் படத்தோடு இணையத்தில் ஒரு பக்கம் செய்திருந்தான். யுத்தம் முடிந்த வருசம் கடைக்கு இணையம் வந்ததும் றாபியா அதைத் தேடத் தொடங்கினாள். ஊர்ப்பெயரைக் கொடுத்தால் சுனாமியும் யுத்தமும் வந்து விழும். இந்தத் தேடல் பெரிய கெட்டிக்காரன்தான், நேற்றைய செய்தியை அள்ளிக் கொட்டுவான். பழையதைக் கேட்டால் கையை விரித்துவிடுவான்.

ஒரு பகல், பழைய பாமினி எழுத்துருவில் கார்ட் அடிக்கும்போது அவளுக்குப் பொறி தட்டியது. அந்தக் காலத்துப் பக்கங்களும் இதில்தானே! தேடலுக்கு அது தமிழே இல்லை, வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினியில் அடிப்பதுபோலவே விரல்களை ஓட்டி அவன் பெயரை அடித்தாள். திரையில் வாயில் நுழையாத எழுத்துகள் விழுந்தன. ஒரேயொரு பக்கம் வந்தது.

படம் மேலிருந்து மெல்ல இறங்கியது. நெற்றி, கண், பிறகு அந்தச் சிரிப்பு. ஒடுங்கிய முகம். மச்சமே இல்லை.

பக்கத்தில் நின்ற ஸுஹைறா எட்டிப் பார்த்தாள். "உம்மா, இது ஆரு?"

"உங்கட வாப்பா, மகள்."

"இல்ல. வாப்பாக்கு மச்சம் இரிக்கி."

அந்த மச்சம் யாருடையது என்று அப்போதுதான் றாபியாவுக்குத் தெரிந்தது. சுனாமிக்கு மறுநாள் பள்ளிவாசல் வளவில் மையித்துகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அடக்குவதற்கு முன் அவளைக் கூப்பிட்டு ஒருவரின் முகத்துணியை விலக்கிக் காட்டினார்கள். "இவர் இல்ல" என்று அவள் திரும்பிக்கொண்டாள். யாரும் தேடிவராத அந்த மனிதரைத்தான் இத்தனை வருசமும் தன் பிள்ளைக்கு வாப்பாவாக்கி வைத்திருக்கிறாள்.

ஸுஹைறா திரைக்கு முகம் கொடுக்காமல் அழத் தொடங்கினாள்.

"இவரு வேணாம் உம்மா. எங்கட வாப்பாவக் காட்டுங்க."