மருந்து போடாத கிணறு

யுத்தம் முடிந்து ரயில்களில் கூட்டம் கூடியிருந்த சமயம். திருத்தணியில் கிணறுகளுக்கு மருந்து போடுவது என் வேலை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வந்து குவியும். கூடவே வாந்திபேதியும் வரும் என்று நான்கு நாள் முன்னதாகவே உத்தரவு வந்துவிடும். ஊதா நிறக் குருணை மருந்தை வாளித் தண்ணீரில் கரைத்துக் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். தண்ணீர் ரோஜா நிறத்துக்கு வந்து, மறுநாள் காலையிலும் அந்த நிறம் கொஞ்சமாவது நின்றால் கிணறு சுத்தம். சோறு சிவக்கிறது, வேட்டி சிவக்கிறது என்று ஊரே என்னைத் திட்டும். திட்டு வாங்கியே பழகியவன் நான்.

எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. ரயில்வே கார்டு ஒருவர் மாற்றலாகிப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில் இரண்டு மீன்கள். உள்ளங்கை அகலம்கூட இல்லாமல், வட்டமாய், மஞ்சளாய், விலாவில் ஒரு கரும்புள்ளியோடு இருக்கும். செல்லாக்காசு என்று மீன்காரர்கள் சொல்லும் ஜாதி. இரண்டு முறை முட்டையிட்டன, இரண்டு முறையும் பொரிக்கவில்லை. முதல் முறை முட்டைகள் பஞ்சு பூத்தாற்போல் வெளுத்துப் போயின. கார்டுக்குக் கடிதம் போட்டேன். தினமும் கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்று என்று பதில் எழுதினார். இரண்டாம் முறை அப்படியே செய்தேன். ஆனால் கிணற்றில் மருந்து போட்டிருந்த வாரம் அது. இரண்டே நாளில் முட்டைகள் பழுப்பேறி உதிர்ந்தன. முட்டை ஒட்டியிருந்த ஓட்டுத்துண்டு வெறுமையான பிறகும் தாய்மீன் துடுப்பால் அதற்கு விசிறிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. மூன்றாம் முறை பொரிக்க வைத்தே தீருவது என்று இருந்தேன்.

மூன்றாம் முறை முட்டையிட்டது, கிருத்திகை உத்தரவு வந்த அன்றைக்கு. உடைந்த ஓட்டுத்துண்டின்மேல் இருநூறு முட்டைகளாவது இருக்கும். பொரிக்க ஐந்து நாள்.

ஊரிலுள்ள கிணறுகளுக்கெல்லாம் மருந்து போட்டேன். எங்கள் முற்றத்துக் கிணற்றுக்கு மட்டும் போடவில்லை. எங்களோடு சேர்த்து ஐந்து குடித்தனத்துக்கு அந்த ஒரு கிணறுதான்.

"உன் வூட்டு கிணறு இன்னா ஆச்சு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆங், போட்டாச்சுங்க" என்றேன். நாக்கு குழறவே இல்லை.

மீனுக்கென்று இரண்டு குடம் தண்ணீரை முன்னாலேயே இறைத்து மூடி வைத்துவிட்டு மருந்தைப் போட்டிருக்கலாம். ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்கு அந்த யோசனை எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. கெடுமதி கண்ணுக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டாம் நாளே, சத்திரத்தில் காவடியோடு வந்தவர் ஒருவர் வாந்திபேதியில் செத்துப்போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் கண் விழித்ததும் நான்கு வீட்டுக் குரல்களும் கேட்கின்றனவா என்று படுத்தபடியே காது கொடுப்பேன். எந்த வீட்டுப் பிள்ளை கொல்லைப்பக்கம் இரண்டாம் தடவை ஓடுகிறது என்று எண்ணுவேன். யாராவது செருமினால் எட்டிப் பார்ப்பேன். மருந்து டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவேன். திரும்பி வந்து தொட்டியைப் பார்ப்பேன். முட்டைக்குள் கடுகில் பாதியளவு கறுப்பாய்க் கண் தெரிய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரே நாள், ஒரே நாள் என்று டப்பாவைப் பரண்மேல் வைத்துவிடுவேன்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அதனால் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நான் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. ஆபீஸ் பானையில் குடித்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

நான்காம் நாள் காலை அவள் வாந்தி எடுத்தாள். பத்து மணிக்குள் ஏழெட்டுத் தடவை போய்விட்டது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. டாக்டரைக் கூட்டிவர ஓடினேன். மலைப்படிப் பக்கமிருந்து அரோகரா என்று வந்த சத்தம் என்னைத் துரத்துவதுபோல் இருந்தது. டாக்டர் வந்து அவள் கையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார். "பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணுக்குப் போனா பொழைச்சிக்குவா" என்றார். காலராதானா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்.

அவர் போனதும் டப்பாவை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். அவசரத்தில் பாதி மருந்து கைப்பிடிச் சுவரில் கொட்டிற்று. பக்கத்து வீட்டம்மா வந்து நின்றாள்.

"மறுபடியும் போட்றீங்களா அண்ணா? பொண்டாட்டி அப்படி கெடக்கறப்ப கூட ஊர் நெனப்பாவே கீறீங்களே. உங்க மாதிரி மனுசன் ஏது?"

அந்தக் கிணற்றிலேயே குதித்துவிடலாம் போல இருந்தது.

விளக்கேற்றுவதற்குச் சற்று முன்னால் என் மனைவிக்குச் சிறுநீர் பிரிந்தது. அப்போதுதான் அழுதேன். மற்ற நான்கு வீடுகளிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் முட்டைகள் பொரித்திருந்தன. நான் பார்க்கவில்லை, அவள்தான் பார்த்தாள். அடுத்த நாள், சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே கூப்பிட்டாள். "இன்னாங்க, இங்க வாங்களேன். பள்ளம் பறிச்சி குஞ்சுங்கள அதுல வுட்டுக்கினு காவல் காக்குது பாருங்க." மணலில் ஊசிமுனை போன்ற குஞ்சுகள் துடித்துக்கொண்டிருந்தன. நான் எவ்வளவோ ஆசைப்பட்ட காட்சி. பார்க்கப் பிடிக்கவில்லை.

"மத்த கிணத்துல எல்லாம் தண்ணி செவந்துகினு இருந்திச்சாம்" என்றாள். "நம்ம கிணத்துல மட்டும் எப்பவும் போல தான் இருந்திச்சி. நானும் பாத்தேன்."

"பாத்துமா குடிச்ச?"

"ஆங். பக்கத்து வூட்டக்கா கூட கேட்டுது, மருந்து போடலியான்னு. மருந்து போடறவரு வூட்லயே இருக்கறாரு, போடாமயா இருப்பாருன்னு சொல்லி, அது எதிர்க்கவே ஒரு சொம்பு மொண்டு குடிச்சி காட்னேன்."

நான் மருந்து போடாததை அன்றைக்கும் சொல்லவில்லை, அவள் இருந்தவரைக்கும் சொல்லவில்லை.