நைலக்ஸ் புடவையும் வடபழனி பஸ்ஸும்

எழுபதுகளின் தொடக்கம். பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்போது இருபது வயது. துணி டிசைன் வரையும் வேலைதான் வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டு, அப்பாவின் நண்பர் ஒருவரது சிபாரிசில் சென்னை தியாகராய நகரில் பயிற்சிக்கு இடம் வாங்கினேன். வெளிநாட்டுக்கு ஆடை தைத்து அனுப்பும் நிறுவனம் அது. கப்பலேறி வந்து மயிலாப்பூரில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினேன்.

பெட்டி நிறைய நானே தைத்த கவுன்களும் ஸ்கர்ட்டுகளும். ஆனால் நிறுவனத்தை நடத்திய அம்மையார் கறாராகச் சொல்லிவிட்டார்: வேலைக்குப் புடவையில்தான் வர வேண்டும், முதல் நாளே தாமதமானால் வரவே வேண்டாம். எனக்கோ தீபாவளிக்குக்கூட அம்மாதான் புடவை கட்டிவிடுவார். விடுதியில் யாரிடமும் கேட்க வெட்கம். வழவழவென்றிருந்த ஒரு நைலக்ஸ் புடவையை எப்படியோ சுற்றிக்கொண்டு, வடபழனி போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நல்ல கூட்டம். பனகல் பார்க் நிறுத்தத்தில் இறங்க அவசரமாக நகர்ந்தேன். ஒரு காய்கறிக் கூடைக்கு அடியில் புடவை ஓரம் மாட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. கொசுவம் மொத்தமும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிட்டது! மாராப்பை இறுகப் பிடித்தபடி பாவாடையோடு பஸ் நடுவில் நிற்கிறேன். பினாங்குக்கு அடுத்த கப்பல் எப்போது என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

கண்டக்டர் விசில் அடித்தார். "நைனா, வண்டிய எடுக்காத!" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்துவிட்டு ஆண்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "இன்னா பாத்துக்கினு கீறீங்க? அல்லாரும் அந்தாண்ட திரும்புங்கய்யா!"

நம்பமாட்டீர்கள், அத்தனை பேரும் திரும்பினார்கள். கண்டக்டர் தானும் படியில் இறங்கி, ஏற வந்தவர்களைக் கையை விரித்துத் தடுத்தபடி தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

"ஐயோ கண்ணு, என் கூடையாலதான் வந்துச்சு" என்று பதறினார் காய்கறிக்காரம்மா. பர்தா அணிந்த ஒரு பெண் எழுந்து வந்து, தன் கறுப்பு அங்கியை இரு கையாலும் திரைபோல விரித்து என்னை மறைத்தார். மடிசார் கட்டிய ஒரு மாமி என் கையிலிருந்து புடவையைப் பிடுங்கினார். "ஆடாம நில்லுடி கொழந்தே! நாடாவை இப்படித் தளரக் கட்டிண்டா புடவை எப்படி நிக்கும்?"

"ஆபீஸுக்கு லேட்டாவுதுப்பா" என்றது ஒரு முதுகு.

"ஆவட்டும் சார்!" என்றார் கண்டக்டர்.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்று அந்த முதுகு உடனே சமாதானமாகிவிட்டது.

குத்த ஊக்கு இல்லை. பர்தா பெண் தன் முக்காட்டில் இருந்ததைக் கழற்றி மாமியிடம் நீட்டிவிட்டு, முக்காட்டைத் தாடைக்குக் கீழே கையால் பிடித்துக்கொண்டார். ஊக்கைக் குத்தியபடியே மாமி கேட்டார்: "ஆமா, இப்படிக் கட்டிண்டு எங்கே கிளம்பினே?"

கண்ணீரோடு சொன்னேன்: "புதுசு புதுசா டிரஸ் டிசைன் பண்ணக் கத்துக்கப் போறேன்."

அவ்வளவுதான், பஸ்ஸே சிரித்தது. திரும்பி நின்ற முதுகுகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது தாமதம்தான். அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொசுவத்தில் அவர் பார்வை நின்றது.

"இவ்வளவு நேர்த்தியா யார் கட்டிவிட்டாங்க?"

"ஒரு பஸ்ஸே சேர்ந்து கட்டிவிட்டது, மேடம்" என்று நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, போய் உட்காரு" என்றார்.

ஒரு வருடம் அங்கே இருந்தேன். அதே பஸ்ஸில்தான் போய்வந்தேன். ஆனால் அந்த மாமியையோ பர்தா பெண்ணையோ மறுபடி பார்க்கவே முடியவில்லை.

இப்போது பினாங்கில் எனக்குச் சொந்தமாகத் தையல் கடை இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண் யாராவது துணியைத் தப்பாக வெட்டிவிட்டுக் கண் கலங்கி நின்றால், மற்றவர்களுக்கு ஏதாவது வேலை சொல்லி அந்தப் பக்கம் அனுப்பிவிடுவேன். யாரும் நம்மைப் பார்க்காமல் இருப்பதுகூட எவ்வளவு பெரிய அன்பு என்று சென்னையில் முகம் தெரியாத அத்தனை பேர் எனக்குக் காட்டியிருக்கிறார்களே!